வகையறா

போன ஜூன் மாசம் எங்க ஆபீஸ்ல ஒரு ஸ்டாண்டி அடிச்சாங்க. ஆறடி உயரம், ஓரத்துல வானவில் பார்டர், உள்ள ஆறு கட்டம். 1969, 2009, 2013, 2014, 2018, 2023. தன்பாலின ஈர்ப்பு உள்ளவங்க, திருநங்கைங்க உரிமைக்கான ப்ரைட் மாசம் வந்தா ஓஎம்ஆர் முழுக்க எல்லா ஆபீஸ்லயும் இந்த மாதிரி ஒண்ணு ரிசப்ஷன் பக்கத்துல நிக்கும், ஜூலை ஒண்ணாம் தேதி காணாமப் போயிடும், அது தெரிஞ்ச கதைதான். இந்த தடவ நான் மாட்டிக்கிட்டதுக்குக் காரணம், எச்ஆர் பொண்ணு எனக்கு மெயில் போட்டு "அண்ணா, நீங்கதான் கன்டென்ட் டீம், இதுக்குத் தமிழ் கேப்ஷன் நீங்களே போட்டுடுங்க, கட்டத்துக்கு பன்னண்டு வார்த்தைக்குள்ள இருந்தா போதும்"னு கேட்டிருந்தா. நல்ல பொண்ணு. நான் கே, அதாவது ஆம்பளைங்க மேல ஈர்ப்பு உள்ளவன்னு ஆபீஸ்ல பாதி பேருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், அதை வெச்சு கேட்டாளா கன்டென்ட் டீம்ங்கறத வெச்சு கேட்டாளான்னு நானும் கேக்கல அவளும் சொல்லல.

அஞ்சு கட்டம் அரை மணி நேரத்துல முடிஞ்சுது. 2018 கட்டத்துல மாட்டிக்கிட்டேன். அங்க ஒருபால் உறவு குத்தமில்லன்னு சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்போட பேரு இருந்துச்சு, நவ்தேஜ் சிங் ஜோஹர் அண்ட் அதர்ஸ்னு. இந்த "அதர்ஸ்"க்கு என்ன போடறது? "மற்றும் பலர்"னு போட்டேன், சினிமா போஸ்டர் மாதிரி இருந்துச்சு. "மற்றும் பிறர்"னு போட்டேன், பாடப்புத்தகம் மாதிரி இருந்துச்சு. அப்புறம் தான் சட்டுனு ஞாபகம் வந்துச்சு, எங்க ஊர்ல தாத்தா காலத்து கூட்டுப் பட்டால இதுக்கு சரியான வார்த்தை இருக்கே. "கோவிந்தசாமி வகையறா". அதுல கோவிந்தசாமி எங்க பெரிய தாத்தா. எங்க தாத்தா, அவர் தம்பிங்க, களை எடுத்து எடுத்து முதுகு வளைஞ்சு போன எங்க பாட்டி எல்லாரும் அந்த வகையறாக்குள்ள இருக்காங்க. பட்டாவை எத்தனை தடவ பாத்தாலும் பாட்டி பேரு வராது. ஆனா நிலத்துல எந்த மூலையில எந்த வரப்பு சரியும்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

"நவ்தேஜ் சிங் ஜோஹர் வகையறா"னு டைப் பண்ணி பாத்தேன். சிரிப்பு வந்துச்சு. அழிச்சுட்டு "மற்றும் பலர்"னே அனுப்பிட்டேன். ஆனா அந்த வார்த்தை மட்டும் மண்டைய விட்டுப் போகல, ரெண்டு வாரமா அதே நினைப்பு.

அந்த வகையறாவுல யார் யார்னு பாத்தா, முதல் மனுவுலயே டான்ஸர் ஜோஹர் கூட ஒரு பத்திரிகையாளர், ஒரு செஃப், ஒரு ஹோட்டல் முதலாளினு இருக்காங்க. அவங்க தைரியத்தை நான் குறை சொல்லல, பேர் போட்டு சுப்ரீம் கோர்ட்ல "நான் இப்படித்தான்"னு நிக்கறது சாதாரண விஷயம் இல்ல, நானெல்லாம் எங்க மாமா முன்னாடியே நிக்க மாட்டேன். ஆனா அதே வழக்குல சேர்ந்த இன்னொரு மனு கர்நாடகாவுல இருந்து அக்கை பத்மஷாலி போட்டது, திருநங்கை. இன்னொண்ணு லக்னோல இருந்து ஆரிஃப் ஜாஃபர் போட்டது. 2001 ஜூலைல எச்ஐவி தடுப்பு வேலை பாத்துட்டு இருந்தவரை அந்த உறவைக் குத்தமாக்கின இபிகோ 377 போட்டு போலீஸ் தூக்கிட்டுப் போய் 47 நாள் ஜெயில்ல வெச்சிருந்தாங்க. 377-ஆல நேரடியா அடி வாங்கி, 17 வருஷம் கழிச்சு அதே சட்டத்துக்கு எதிரா மனு போட்டு ஜெயிச்ச மனுஷன். ஸ்டாண்டில அவர் எங்க இருக்கார்? "பலர்"ல இருக்கார்.

கேரம் போர்டு இருந்த ரூம்

இந்த லக்னோ கைது பத்தி எனக்கு எப்படித் தெரியும்னா படிச்சுத் தெரிஞ்சுக்கல. 2003-ல எனக்கு 21 வயசு, சென்னையில ஒரு மாடியில இருந்த டிராப்-இன் சென்டருக்கு முதல் தடவ போனேன். போர்டுல ஆண்கள் சுகாதார மையம்ங்கற மாதிரி ஏதோ ஒரு பேரு. உள்ள ஒரு ட்யூப்லைட், ஒரு கேரம் போர்டு, பவுடர் டப்பா, சுவத்துல பால்வினை நோய் படம் போட்ட சார்ட், ஒரு மூலையில அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியா ஆணுறை. வாசல்ல ஒரு ரெஜிஸ்டர், அதுல பேரு (எல்லாரும் பொய்ப்பேரு தான், அன்னிக்கு மட்டும் மூணு ஷாருக்), வயசு, எத்தனை ஆணுறை வாங்கினாங்கங்கற கணக்கு. அந்த ரெஜிஸ்டர்ல "எதுக்கு வந்தீங்க"ங்கற கட்டம் இல்ல. இருந்திருந்தா நான் "என்ன மாதிரி ஒரு ஆளைப் பாக்க"ன்னு தான் எழுதியிருப்பேன். அங்க கேரம் ஆடிட்டே ஒரு பெரியவர் சொன்னார், லக்னோ நியூஸ் வந்த வாரம் இங்க ஷட்டரைப் பாதி இறக்கி வெச்சிருந்தோம், ஆணுறைப் பெட்டியெல்லாம் ஒருத்தன் வீட்டு பரண்ல ஏத்திட்டோம், கேஸுக்கு அதையே சாட்சியா வெச்சிருவான்னு. சொல்லிட்டு ரெட்டை போட்டு ஃபாலோவும் போட்டார்.

அந்தக் காலத்துல சென்னையில எங்க ஆளுங்க ஒண்ணா உக்கார்றதுக்கு இருந்த ஒரே சாக்கு எச்ஐவி தான். இது கொஞ்சம் கசப்பான விஷயம், ஆனா உண்மை. இந்தியாவுல முதல்முதலா எச்ஐவி கண்டுபிடிச்சதே 1986-ல இங்க தான், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல செல்லப்பன் நிர்மலாவும் அவங்க பேராசிரியர் சுனிதி சாலமனும். அதுக்கப்புறம் வந்த பணம், ப்ராஜெக்ட், பீல்டு ஒர்க்கர் சம்பளம் எல்லாம் அந்த நோய் பேர்ல வந்துச்சு. அந்தப் பணத்துல வாடகை கட்டின ரூம்ல உக்காந்து தான் நாங்க காதல் தோல்வி, கல்யாணத்துக்கு வீட்ல நெருக்கறது, பார்க்ல போலீஸ்காரன் பர்ஸைப் பிடுங்கினதுன்னு எல்லாத்தையும் பேசினோம். ரிப்போர்ட்ல அது "விழிப்புணர்வுக் கூட்டம், பங்கேற்றவர்கள் 14"ன்னு போயிருக்கும். உரிமை இயக்கத்தோட வரலாறு எழுதறவங்க அந்த ரிப்போர்ட்டைப் புரட்டினா நோய்க் கணக்கு மட்டும் தான் கிடைக்கும்.

இதுல இன்னொரு வேடிக்கை. 2013 டிசம்பர் 11, 2009 டெல்லி ஹைகோர்ட் தீர்ப்பைத் திருப்பி அடிச்சு சுப்ரீம் கோர்ட் 377 செல்லும்னு சொன்ன தீர்ப்பு, நீதிபதி சிங்வி ரிட்டயர் ஆன நாள். அதுல எங்கள "மிகச் சிறிய பகுதி"ன்னு சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அன்னிக்கு ராத்திரி சாப்பிடாம படுத்தவங்க நிறைய பேர். எனக்கு அதைவிட உறுத்தினது இன்னொரு வரி. 150 வருஷத்துல 377-ல கேஸ் நடந்தது 200 பேருக்கும் குறைவுன்னு. அதாவது பெருசா பாதிப்பு இல்லையாம். அந்த கேரம் போர்டைச் சுத்தி உக்காந்திருந்த எட்டு பேர்ல அஞ்சு பேர் பர்ஸோ வாட்சோ மோதிரமோ குடுத்துட்டு வந்தவங்க. யார் மேலயும் கேஸ் இல்ல. கேஸ் போடறேன்னு மிரட்டினா காசு வரும், கேஸ் போட்டுட்டா என்ன வரும்? அந்தச் சட்டம் வேலை செஞ்சது கோர்ட்ல இல்ல, பார்க் பெஞ்சுல, பஸ் ஸ்டாண்ட் கழிப்பறை வாசல்ல. அதுக்கு ஆவணம் கிடையாது, ரசீதா குடுப்பான்?

1992, ஆகஸ்ட் 11

வகையறா நினைப்பு தொத்திக்கிட்டதுல நான் பின்னாடி பின்னாடி போக ஆரம்பிச்சேன். ஸ்டாண்டில 1969-க்கும் 2009-க்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல, நாப்பது வருஷம் காலி. நியூயார்க் ஸ்டோன்வால் பார்ல போலீஸை எதிர்த்துக் கலவரம் பண்ணாங்க, அப்புறம் நாம எல்லாரும் தூங்கினோம், டெல்லி ஹைகோர்ட் எழுப்பிச்சு, இது தான் அந்தப் படத்தோட கதை.

நடுவுல என்ன நடந்துச்சுன்னா, டெல்லியில 80-கள் கடைசியில ஏபிவிஏன்னு ஒரு சின்னக் குழு ஆரம்பிச்சாங்க, எய்ட்ஸ் பேத்பாவ் விரோதி ஆந்தோலன், எய்ட்ஸ் பேரைச் சொல்லி ஒதுக்கறதுக்கு எதிரான இயக்கம். வக்கீல், டாக்டர், ஒரு கன்னியாஸ்திரி கூட இருந்தாங்க. முதல்ல அவங்க பேசினது பாலியல் தொழிலாளிகளைப் பத்தி, காசுக்கு ரத்தம் வித்து பொழைச்சவங்களைப் பத்தி. அப்புறம் 1991 கடைசியில "லெஸ் தன் கே"ன்னு ஒரு ரிப்போர்ட் போட்டாங்க, இந்தியாவுல ஒருபால் ஈர்ப்பு உள்ளவங்க நிலைமை பத்தி, பிங்க் அட்டை. அதோட கடைசியில கோரிக்கைப் பட்டியல் இருக்கு. 377-ஐ எடுக்கணும். அது சரி, எதிர்பார்த்தது தான். அதுக்கும் மேல ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்டைத் திருத்தி ஒரே பாலினத்தவங்க கல்யாணம் பண்ணிக்க வழி பண்ணணும்னும் கேட்டிருக்காங்க. 1991-ல! 2023 அக்டோபர் 17 அன்னிக்கு சுப்ரீம் கோர்ட் முடியாதுன்னு சொன்ன அதே விஷயம். டிவியில உக்காந்து "இப்ப தானே 377 போச்சு, அதுக்குள்ள கல்யாணமா, என்ன அவசரம்"னு பேசினாங்களே, 32 வருஷமா கேட்டுட்டு இருக்கறதுக்குப் பேரு அவசரமா?

அடுத்த வருஷம் டெல்லி கனாட் ப்ளேஸ் சென்ட்ரல் பார்க்ல போலீஸ் 18 பேரைப் பிடிச்சாங்க. என்ன குற்றம்? ஒருபாலினச் சேர்க்கைக்காரங்கன்னு சந்தேகம். அதுக்கு எதிரா ஏபிவிஏ ஆளுங்க 1992 ஆகஸ்ட் 11 அன்னிக்கு போலீஸ் தலைமையகம் முன்னாடி அட்டை பிடிச்சு நின்னாங்க. இந்தியாவுல எங்களுக்காக தெருவுல இறங்கி நின்ன முதல் போராட்டம்னு இன்னிக்கு சொல்றது அதைத்தான். அந்தக் குழுவுல முக்கியமான வக்கீல் சித்தார்த்த கௌதம் அதைப் பாக்கல, அந்த வருஷ ஆரம்பத்துலயே 28 வயசுல கேன்சர்ல போயிட்டார்.

1994-ல திகார் ஜெயில்ல கைதிகளுக்கு ஆணுறை குடுக்கலாமான்னு பேச்சு வந்தப்ப அப்ப சிறைத்துறை ஐஜியா இருந்த கிரண் பேடி ஒத்துக்கல. ஏபிவிஏ டெல்லி ஹைகோர்ட் போச்சு, ஆணுறை குடுங்க, 377-ஐ ரத்து பண்ணுங்கன்னு. 377-க்கு எதிரா நாட்டுலயே முதல் மனு. அந்த மனு என்ன ஆச்சுன்னா ஒண்ணும் ஆகல. வருஷக்கணக்கா கெடப்புல கெடந்துச்சு, குழுவும் கரைஞ்சுது, 2001-ல மனுவை நடத்த ஆளு வரலைன்னு தள்ளுபடி. அதே 2001 டிசம்பர்ல எச்ஐவி வேலை பாத்த நாஸ் ஃபவுண்டேஷன்ங்கற அமைப்பு 377-க்கு எதிரா புது மனு போட்டாங்க. அதுவும் 2004-ல தள்ளுபடி ஆகி, சுப்ரீம் கோர்ட் போய், 2006-ல திரும்பி வந்து, கடைசியா 2009 ஜூலை 2 ஜெயிச்சுது. அந்தத் தீர்ப்பு எழுதின ரெண்டு நீதிபதிகளுக்கும் சென்னை தொடர்பு உண்டு, ஏ.பி. ஷா அதுக்கு முந்தின வருஷம் வரைக்கும் நம்ம ஹைகோர்ட் தலைமை நீதிபதி, முரளிதர் வக்கீல் தொழில் ஆரம்பிச்சதே இங்க. இதை நான் சும்மா ஊர்ப் பெருமைக்குச் சொல்றேன்.

தோத்த மனுவுக்கு கட்டம் கிடையாதுங்கறது புரியுது. இருந்தாலும் "ஆளு வரல"ங்கற காரணம் என்னைப் போட்டு அறுத்துச்சு. ஒரு ஹால், பேரைக் கூப்பிடறாங்க, யாரும் எழுந்திரிக்கல, அடுத்த கேஸ்.

சரி, 1969 கட்டத்துக்கு மட்டும் அப்படி என்ன அதிர்ஷ்டம்? மூணு வருஷம் முன்னாடி, 1966-ல சான் ஃபிரான்சிஸ்கோல காம்ப்டன்ஸ்ங்கற ஒரு சாப்பாட்டுக் கடையில திருநங்கைகள் போலீஸ் மேல கப்பு சாசரை எறிஞ்சு பெரிய ரகளை ஆச்சு. ஆகஸ்ட் மாசம்ங்கறது தெரியும், எந்தத் தேதின்னே யாருக்கும் தெரியாது. பேப்பர்ல வரல, அடுத்த வருஷம் யாரும் அந்த நாளைக் கொண்டாடல. ஸ்டோன்வாலுக்கு அடுத்த வருஷம் 1970 ஜூன் 28 அன்னிக்கு ஊர்வலம் போனாங்க, அதுக்கடுத்த வருஷமும் போனாங்க, இன்னிக்கு வரைக்கும் போறாங்க, நிகழ்ச்சியை விட அந்த வருஷா வருஷம் போன ஊர்வலம் தான் அதைக் காப்பாத்திச்சு. எங்க ஸ்டாண்டில "முதல் செங்கல் வீசிய மார்ஷா பி. ஜான்சன்"னு இருந்துச்சு. அவங்களே ஒரு பேட்டியில, நான் போறப்பவே கலவரம் ஆரம்பிச்சாச்சு, ராத்திரி ரெண்டு மணி இருக்கும்னு சொல்லியிருக்காங்க. உயிரோட இருந்தப்ப அவங்கள ஓரமா வெச்சாங்க, அவங்க தோழி, திருநங்கை சில்வியா ரிவேரா 1973 ஊர்வல மேடையில பேசப் போனப்ப கூட்டமே கத்தி விரட்டப் பாத்துச்சு. செத்ததுக்கப்புறம் கையில செங்கலைக் குடுத்து சிலை ஆக்கியாச்சு. 2025 பிப்ரவரில அமெரிக்க அரசு ஸ்டோன்வால் நினைவிடத்தோட வெப்சைட்ல எல்ஜிபிடிக்யூ-ல இருந்து திருநரைக் குறிக்கற டி-யையும் கூட க்யூ-வையும் எடுத்துட்டாங்க, எல்ஜிபின்னு வெச்சுட்டாங்க. ரெண்டு எழுத்தைத் தூக்கறதுக்கு எவ்ளோ நேரம் ஆயிருக்கும்னு யோசிச்சேன், என் வேலை அது தான்ங்கறதால தெரியும், ரெண்டு நிமிஷம்.

அக்கா கொண்டுவந்த பாலிதீன் கவர்

இப்ப விஷயத்துக்கு வரேன். ஜூன் கடைசி வாரம் ஆபீஸ்ல ஒரு பேச்சு நிகழ்ச்சி, திருநங்கை ஒருத்தரைப் பேசக் கூப்பிடணும், யாராச்சும் தெரியுமான்னு கேட்டாங்க. அந்த டிராப்-இன் சென்டர் காலத்துல இருந்து பழக்கமான ஒரு அக்கா, வட சென்னை, இப்ப அறுபதை நெருங்கறாங்க, அவங்களைச் சொன்னேன். நல்ல பட்டுப்புடவை, மல்லிப்பூ, ஹேண்ட்பேக்னு வந்தாங்க. ரிசப்ஷன்ல ஐடி கார்டு குடுக்கறதுக்கு அந்தப் பையன் கம்ப்யூட்டர்ல "மிஸ்டர், மிஸ் ரெண்டு தான் இருக்கு"ன்னு முழிச்சுட்டு இருந்த பத்து நிமிஷத்துல அக்கா ஸ்டாண்டி முன்னாடி போய் நின்னுட்டாங்க. மேல இருந்து கீழ வரைக்கும் ஒவ்வொரு கட்டமா விரல் வெச்சு படிச்சாங்க. என் பன்னண்டு வார்த்தைத் தமிழை.

"இந்த ஆறு தேதில ஒண்ணு தாண்டா எனக்குத் தெரியும்"னாங்க. நான் 2014 கட்டத்தைக் காட்டி, இது உங்களுக்கான தீர்ப்புக்கா, மூன்றாம் பாலினம்னு சுப்ரீம் கோர்ட் சொன்னதுன்னேன். "அது தான் தெரியும்கறேன். ஏப்ரல் 15. ஆனா அது எங்களுக்கு அதுக்கு முன்னாடியே ஏப்ரல் 15 தான்." உண்மை தான். 2008 ஏப்ரல் 15 தமிழ்நாட்டுல திருநங்கைங்களுக்கு நலவாரியம் வந்த நாள், நாட்டுலயே முதல்ல. 2011-ல இருந்து அந்த நாளைத்தான் இங்க திருநங்கையர் தினம்னு கொண்டாடறாங்க. சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஆறு வருஷம் கழிச்சு அதே தேதியில வந்து விழுந்துச்சு. நானே இந்த ஒத்துமையைக் கவனிச்சதில்ல, தமிழ்ல கேப்ஷன் போட்டவன் நான்.

"சரி, 2018 செப்டம்பர் 6 அன்னிக்கு என்ன பண்ணீங்க?"ன்னேன். எங்க ஆளுங்க எல்லாருக்கும் அன்னிக்கு எங்க இருந்தோம்னு ஒரு கதை இருக்கும், நான் ஆபீஸ் கழிப்பறையில போனைப் பிடிச்சுட்டு அழுதேன். அக்கா யோசிச்சாங்க. "தெரியலடா. கடை கடையா காசு கேட்கப் போயிருப்பேன். சாயந்திரம் யாரோ போன் பண்ணி இனிமே போலீஸ் பிடிக்காதுன்னாங்க. நான் எந்த போலீஸுன்னு கேட்டேன்."

அப்புறம் ஹேண்ட்பேக்கைத் திறந்து ஒரு பாலிதீன் கவர் எடுத்தாங்க, ஜவுளிக்கடையில புடவைக்குப் போட்டுத் தர்ற மாதிரி மொடமொடன்னு ஒரு கவர். உள்ள பழைய ரேஷன் கார்டு. ஸ்மார்ட் கார்டு வர்றதுக்கு முந்தின காலத்துப் புத்தகம், பச்சை அட்டை, அரிசி கார்டு. ஓரமெல்லாம் நைஞ்சு, நடுவுல செல்லோடேப் போட்டு ஒட்டி, அந்த டேப்பும் பழுத்து மஞ்சளா இருக்கு. உள்தாள் வேற ஒட்டியிருக்கு. பேச்சுக்குக் காட்டறதுக்குன்னு எடுத்துட்டு வந்திருக்காங்க. "குடும்பத் தலைவர்"ங்கற இடத்துல அக்கா பேரு, வீட்ல வெச்ச ஆம்பளப் பேரு இல்ல, அவங்க வெச்சுக்கிட்ட பேரு. கீழ உறுப்பினர் பட்டியல்ல ரெண்டாவதா இன்னொரு பேரு, நேரா "உறவு"ங்கற கட்டத்துல நீல மையில கோணலா "மகள்".

அது அவங்க தத்து எடுத்துக்கிட்ட பொண்ணு, இன்னொரு திருநங்கை. திருநங்கைங்க ஜமாத்துல அம்மா மகள்னு முறை வெச்சு எடுத்துக்கறது எல்லாருக்கும் தெரிஞ்சது தான், ஆனா அது அரசாங்கப் புத்தகத்துல எப்படி ஏறுச்சுன்னு கேட்டேன். "கவுண்டர்ல இருந்தவரு உறவு என்னன்னாரு. மகள்னேன். ஏற எறங்கப் பாத்தாரு. உனக்கு எப்படிம்மா மகள்னாரு. உங்களுக்கு எப்படி சார் மகள், நீங்க பெத்தீங்களான்னேன். பின்னாடி வரிசையில நின்ன பொம்பளைங்க சிரிச்சுட்டாங்க. அந்தாளு தலைய குனிஞ்சு எழுதிட்டாரு." சொல்லிட்டு அக்கா அந்த "மகள்" மேல கவரோட சேத்து ஒரு தட்டு தட்டினாங்க, பூனைக்குட்டியைத் தட்டற மாதிரி.

எனக்கு அந்த இடத்துல கொஞ்சம் தலை சுத்திச்சு. ஏன்னா 2024 செப்டம்பர்ல தான் மத்திய அரசு, எல்ஜிபிடி ஜோடிகளை ஒரே குடும்பமா கருதி ரேஷன் கார்டு குடுங்கன்னு மாநிலங்களுக்கு எழுதியிருக்கறதா அறிவிச்சுது, கல்யாண வழக்குல தோத்ததுக்கு ஆறுதல் பரிசு மாதிரி. 2025 மே மாசம் தான் நம்ம ஹைகோர்ட் ஒரு லெஸ்பியன் பொண்ணோட ஆட்கொணர்வு வழக்குல, கல்யாணம் இல்லாட்டியும் நாமளா தேர்ந்தெடுத்துக்கற குடும்பம்னு ஒண்ணு உண்டுன்னு சொல்லுச்சு. நான் அந்தத் தீர்ப்பு வந்தப்ப பெருமையா ஸ்டேட்டஸ் வெச்சேன். அதெல்லாம் வர்றதுக்குப் பதினஞ்சு வருஷத்துக்கு மேல முன்னாடி ஒரு தாலுகா ஆபீஸ் கவுண்டர்ல வரிசையில நின்ன பொம்பளைங்க சிரிச்ச சிரிப்புல அந்தத் தீர்ப்பு வந்திருக்கு, வழக்கு எண் இல்லாம.

இதைச் சொல்றப்ப அக்கா தரப்பை ரொம்ப ரொமான்டிக்கா ஆக்கிடக் கூடாதுன்னும் தோணுது. அவங்க வரலாறும் ஒழுங்கா இல்ல. அன்னிக்கு பேச்சுல "திருநங்கைங்கற பேரு கலைஞர் குடுத்தது"ன்னாங்க. கேள்வி நேரத்துல ஒரு பையன் போன்ல தேடிப் பாத்துட்டு, நர்த்தகி நடராஜ் தான் முதல்ல சொன்னாங்கன்னு போட்டிருக்கே மேடம்னான். "இருக்கலாம் கண்ணு, குழந்தை யார் பெத்தா என்ன, ஊருக்குச் சொன்னது அவருதானே"ன்னு முடிச்சுட்டாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல, பேர் வெச்சவங்க பேரும் வகையறாக்குள்ள போயிடுமே. அதே மாதிரி திருநம்பிகளைப் பத்தி அவங்க ஒரு வார்த்தை பேசல. லெஸ்பியன் பொண்ணுங்க பத்தியும் இல்ல. எங்க சைடும் ஒழுங்கு இல்ல, 1987-ல போபால்ல வேலை பாத்த ரெண்டு பெண் போலீஸ் மாலை மாத்திக்கிட்டு அதுக்காக வேலையை இழந்தாங்க, அந்தத் தேதியைக் கொண்டாடற ஒரு கே ஆம்பளையை நான் பாத்ததில்ல. நானும் கொண்டாடினதில்ல. ஒவ்வொருத்தர் பட்டாவுலயும் அவங்கவங்க பெரிய தாத்தா பேரு.

2018 தீர்ப்புல நீதிபதி இந்து மல்ஹோத்ரா இவங்க கிட்டயும் இவங்க குடும்பங்க கிட்டயும் வரலாறு மன்னிப்பு கேக்கணும்னு எழுதினாங்க. படிச்சப்ப எனக்கு கண்ணு கலங்குச்சு. இப்ப யோசிச்சா, வரலாறுன்னா யாரு, அவர் வீடு எங்க, எப்ப வந்து கேப்பாரு? 1992-ல பிடிச்ச அந்த 18 பேர் கிட்ட கேப்பாரா, என் வாட்சைப் பிடுங்கினவர் சார்பா வந்து கேப்பாரா?

நிகழ்ச்சி முடிஞ்சு அக்காவை ஆட்டோ ஏத்த கீழ வந்தேன். வர்ற வழியில சொன்னாங்க, "உங்க தேதியெல்லாம் ஜெயிச்ச தேதியாவே இருக்குடா. நாங்க கூவாகத்துல வருஷா வருஷம் என்ன பண்றோம்? தாலி அறுக்கறோம்." சித்திரை பௌர்ணமிக்கு கூத்தாண்டவர் கோயில்ல முந்தின நாள் கட்டின தாலியை அறுத்து, வளையலை உடைச்சு, வெள்ளைப் புடவை கட்டிக்கிட்டு ஒப்பாரி வைப்பாங்க, அரவானுக்கு. மொத தடவ நான் பாத்தப்ப அது நடிப்புன்னு நினைச்சேன். அப்புறம் பக்கத்துல ஒரு அம்மா ஒப்பாரியில சொன்ன பேருங்களைக் கேட்டேன். அரவான் பேர் இல்ல. அந்த வருஷம் அவங்க வீட்ல செத்துப்போன பொண்ணுங்க பேரு, ஒண்ணு ஒண்ணா.

அப்புறம்

எச்ஆர் பொண்ணு கிட்ட போய் ஸ்டாண்டில ரெண்டு கட்டம் சேக்கலாமான்னு கேட்டேன், 1992-ம் 1994-ம். அவ பாவம் நிஜமாவே யோசிச்சுட்டு, "அண்ணா, 1994 தோத்த கேஸ் தானே, அதை எப்படிப் போடறது, டோன் டவுன் ஆயிடுமே"ன்னா. அவ கேட்டதுல தப்பு இல்ல, ஜூன் மாசத்துக்கு அது தான் கணக்கு. அதுவும் இல்லாம ரீபிரிண்ட்டுக்கு பட்ஜெட் இல்ல. நானும் விட்டுட்டேன்.

ஆகஸ்ட் 11 வந்துச்சு. காலையில இருந்தே ஏதாச்சும் பண்ணணும்னு இருந்துச்சு, என்ன பண்றதுன்னு தெரியல, ஸ்டேட்டஸ் வைக்கறதுக்கும் மனசு வரல. மத்தியானம் அக்காவுக்கு போன் போட்டேன். "என்னடா, உன் பொறந்தநாளா?"ன்னாங்க. இல்லக்கான்னு சென்ட்ரல் பார்க், 18 பேர், போலீஸ் ஆபீஸ் வாசல்ல அட்டை பிடிச்சு நின்னது எல்லாத்தையும் சொன்னேன். பொறுமையா கேட்டாங்க, நடுவுல நடுவுல "ம்" கொட்டினாங்க.

"அந்த பதினெட்டு பேர் பேரென்ன?"

தெரியலக்கான்னேன்.

"ஒருத்தர் பேர் கூடவா?"

"தெரியலக்கா."

கொஞ்ச நேரம் சத்தம் இல்ல. பின்னாடி குக்கர் விசில், யாரோ பொண்ணு எதையோ தேடிட்டு கத்தறது. "அப்ப இருபது வயசுன்னா இப்ப அம்பத்தி மூணு தானேடா ஆகும்"னாங்க. "எங்கயாச்சும் இருப்பான் ஒருத்தன். விசாரி. டெல்லியில நமக்கு ஆளுங்க இருக்காங்க, நானும் கேட்டுப் பாக்கறேன்... ஏய், பால் பொங்குது பாரு, அடுப்பை அணை"ன்னு உள்ள யாரையோ சத்தம் போட்டுட்டே போனை வெச்சுட்டாங்க.